செம்பாறை நாட்டுக்கு நம்மவர்களை நடக்க அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களிலும் நண்பர் வட்டங்களிலும் நடைப்பயணங்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யூட்டா, அரிசோனா, நெவாடா மாநிலங்களின் செம்பாறைப் பகுதிகளுக்கு நீங்கள் நடத்திய பயணங்களில் பல ஆண்டுகளாக நானும் நடந்திருக்கிறேன். சிலவற்றை உங்களோடு சேர்ந்து ஏற்பாடும் செய்திருக்கிறேன். நீண்ட வார இறுதி ஒன்றுக்காக மாதக்கணக்கில் விடுதி பேசி, வண்டிகளைப் பங்கிட்டு, யார் எந்த விமானத்தில் வருகிறார்கள் என்று இரவு பன்னிரண்டு மணிவரை வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள் என்பதை அறிவேன். அந்த உழைப்பை அருகிலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இனி நீங்கள் அனுப்பும் அறிவிப்பில், எங்கே போகிறோம் என்பதற்கு முந்தைய வரியில், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்று எழுதுங்கள். இலக்கை அடைந்தாலும் அடையாவிட்டாலும் அந்த நேரம் வந்ததும் குழு முழுவதும் திரும்ப வேண்டும் என்பதைப் பயணத்தின் முதல் விதியாக ஆக்குங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாத இறுதியில், ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் கழிந்த ஒரு நண்பகல்தான் என்னை இதை எழுத வைக்கிறது. அன்று நாங்கள் முப்பத்தைந்து பேர். டெலிகேட் ஆர்ச் என்னும் பாறை வளைவு வரை போய்வர 3 மைல். ஏற்றம் 480 அடி. காகிதத்தில் பார்த்தால் தினமும் மாலையில் நடக்கப் போகிற எவருக்கும் எட்டக்கூடிய தூரம்தான். காலை உணவு முடிந்து, ஏழு வண்டிகளும் ஒன்றுசேர்ந்து, வுல்ஃப் ராஞ்ச் நிறுத்துமிடத்தில் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்து நடக்கத் தொடங்கியபோது மணி பதினொன்றரை ஆகிவிட்டது. கோடையில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாவும் எங்களோடு வந்தார். வயது அறுபத்து நான்கு. ஊரில் தினமும் கோயில் பிராகாரத்தைப் பலமுறை சுற்றி நடந்து பழகியவர் என்று மகன் பெருமையாகச் சொன்னார்.

அந்தத் தடத்தின் முதல் அரை மைல் அகலமான, தெளிவான பாதை. அதன்பிறகு வெறும் பாறையின் மேல் ஏற வேண்டும். ஆங்காங்கே அடுக்கிவைத்த கற்குவியல்களே வழிகாட்டி. ஒதுங்கி நிற்க மரநிழல் என்று ஒன்று கிடையாது. அந்தப் பாறைச் சரிவின் நடுவில் அம்மா உட்கார்ந்துவிட்டார். “நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே இருக்கேன்” என்றார். குழு அதை ஏற்றுக்கொண்டு மேலே போயிற்று. பின்தங்கி வந்துகொண்டிருந்த நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அதன் மூடியின் முத்திரை வளையம்கூட உடையவில்லை. ஏனம்மா குடிக்கவில்லை என்று கேட்டபோது, நெடுநேரம் தயங்கிவிட்டு, வழியில் கழிவறை இல்லையென்று காலையிலேயே பேச்சு வந்ததால் எழுந்ததிலிருந்து ஒரு காபி தவிர எதுவும் குடிக்கவில்லை என்றார். சற்று நேரத்தில் என்னைத் தம் மகனின் பெயரைச் சொல்லி அழைக்கத் தொடங்கினார்.

மேலிருந்து இறங்கிவந்த முன்பின் அறியாத முதிய தம்பதியர் ஒரு கேள்வியும் கேட்காமல் பையிலிருந்து குடையை எடுத்து விரித்தார்கள். அம்மாவின் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டார்கள். வாய் வாயாகக் குடிக்க வைத்தார்கள். பிறகு உப்பு பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார்கள். அம்மா என் பெயரை மறுபடி சரியாகச் சொல்ல ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவருடைய மகன் வளைவின் அடியில் படம் எடுக்கும் வரிசையில் நின்றிருந்தார். கைப்பேசியில் சிக்னல் இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது.

மகனை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பத்தைந்து பேரில் “திரும்பலாம்” என்று சொல்லும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. கடைசி ஆளாக நடந்துவரும் கடமையும் எவருக்கும் தரப்படவில்லை. நான் அவர் அருகில் இருந்தது தற்செயல். அறிவிப்பில் டெலிகேட் ஆர்ச் என்று எழுதியிருந்தது, ஆகவே எல்லோரும் டெலிகேட் ஆர்ச்சுக்குப் போனார்கள். அந்த அறிவிப்பை எழுதிய இருவரில் நானும் ஒருவன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே சாலையில் மேலும் ஒரு மைல் வண்டியில் போனால் கீழ்ப் பார்வைத் தளம் ஒன்று இருக்கிறது. நிறுத்துமிடத்திலிருந்து ஏறக்குறைய 100 கஜம் சமதளப் பாதை. சக்கர நாற்காலியிலும் போகலாம். அங்கிருந்து பார்த்தால் அந்த வளைவு ஒரு மைல் தொலைவில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு தனியே நிற்பது தெரியும். அம்மாவை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெயில் நமக்குப் பழக்கம்தானே என்ற எண்ணம் நம் குழுக்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. கடலோரப் புழுக்கத்தில் வளர்ந்த உடம்பு வியர்வையைப் பார்த்துத்தான் வெயிலின் கடுமையை அளக்கிறது: சட்டை நனைந்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். யூட்டாவின் வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்குவதேயில்லை. சுரந்த கணமே ஆவியாகிவிடுகிறது. சட்டை உலர்ந்தே இருக்கும், உடம்போ தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். தாகம் தெரியும்போது காலம் கடந்திருக்கிறது. போதாக்குறைக்குச் சூரியன் தலைக்கு மேலிருந்து சுடுவதோடு பாறையும் கீழிருந்து சுடுகிறது. அப்பகுதிப் பூங்காக்கள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் பரிந்துரைக்கின்றன. நாம் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கிப்போகும் அரை லிட்டர் பாட்டில்களில் கணக்கிட்டால் தலைக்கு எட்டு பாட்டில். நம் குழுவில் எட்டு பாட்டில் சுமந்து நடந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பெட்டிகள் வண்டியின் பின்புறத்திலேயே இருக்கும். ஆளுக்கு ஒன்றுதான் கைக்கு வரும். வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து, அதுவே தலைசுற்றலையும் குழப்பத்தையும் கொண்டுவரும். ஆகவே உப்புக் கடலையோ முறுக்கோ பையில் இருக்கட்டும், இடையிடையே நின்று சாப்பிடட்டும்.

கழிவறை பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடு கேட்கிறேன், ஏனென்றால் நம் பெண்கள், குறிப்பாக வயதில் மூத்தவர்கள், இதற்காகவே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். யாரிடமும் சொல்வதும் இல்லை. தடம் தொடங்கும் இடத்தில் கழிவறை இருக்கிறதா, அடுத்தது எங்கே, நடையின் நடுவில் தேவைப்பட்டால் என்ன செய்வது என்பவற்றை முதல் நாள் இரவே ஒரு பெண் பொறுப்பாளர் எல்லாப் பெண்களிடமும் எடுத்துச் சொல்லிவிட்டால், மறுநாள் பாட்டில்கள் காலியாகும்.

திரும்பும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்பீர்கள். நிழல் இல்லாத தடத்தில் கோடைக் காலமானால் பத்து மணிக்கு எல்லோரும் வண்டியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். கிராண்ட் கேன்யனில் கோடையில் காலை பத்திலிருந்து மாலை நான்கு மணிவரை பள்ளத்தாக்குக்குள் நடக்க வேண்டாம் என்று ரேஞ்சர்கள் வலியுறுத்துகிறார்கள். நம் திணை மரபிலும் பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல்தான். அந்தப் பொழுதை அந்த நிலத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டு நாம் நிழலுக்கு வந்துவிடலாம்.

கிராண்ட் கேன்யனில் கணக்கு இன்னும் கடினமானது. மலையில் களைத்த பிறகு வருவது இறக்கம். அங்கே களைத்த பிறகு வருவது ஏற்றம். இறங்க ஆன நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் ஏற ஆகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே மூன்று மணி நேரம் கையில் இருந்தால் ஒரு மணி நேரம் இறங்கியதும் நின்றுவிட வேண்டும். கீழே போகப் போக வெப்பமும் கூடுகிறது. சௌத் கைபாப் தடத்தில் ஊ-ஆ பாயின்ட் 0.9 மைல், சீடர் ரிட்ஜ் 1.5 மைல், குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள குழுவுக்கு இவ்விரண்டில் ஒன்றே ஒரு நாளுக்குப் போதும். தடம் நெடுகிலும் குடிநீர் கிடையாது. பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றைத் தொட்டுவிட்டு அன்றே மேலே வருவோம் என்று இளைஞர்கள் கிளம்புவதை நீங்கள் அனுமதிக்கக் கூடாது. ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப வேண்டாம் என்று தேசியப் பூங்காச் சேவையே எச்சரிக்கிறது. ஆண்டுதோறும் 250 பேருக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மீட்கப்படுகிறார்கள். பிரைஸ் கேன்யன் பூங்காவின் நவஹோ லூப் தடமும் இதே அமைப்புதான். மேல் விளிம்பே 8,000 அடி உயரத்தில் இருப்பதால் திரும்பி ஏறும்போது மூச்சு வாங்குவது அங்கே இயல்பு.

நேரம் பற்றிப் பேசும்போது ஒரு சிறு செய்தி. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, யூட்டா மாற்றுகிறது, அரிசோனாவுக்குள் இருக்கும், நவஹோ பூர்வகுடிகளின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாடும் மாற்றுகிறது. எல்லையோரத்தில் கைப்பேசிகள் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். எந்தக் கடிகாரத்தின்படி திரும்புகிறோம் என்பதையும் சேர்த்தே அறிவியுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் திரும்பும் நேரத்துக்கு வேறொரு காரணமும் சேர்கிறது. அது அங்கே பருவமழைக் காலம். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். மண்ணும் பாறையும் நீரை உறிஞ்சாத நிலத்தில், பல மைல்களுக்கு அப்பால் பெய்த மழை, குறுகிய பிளவுகளுக்குள் மொத்தமாக வந்து இறங்குகிறது. தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தது இப்படித்தான்: மழை பெய்தது வேறெங்கோ, வெள்ளம் வந்தது அவர்கள் நின்ற இடத்தில். 2015 செப்டம்பர் 14 அன்று ஸயான் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர் இறந்தார்கள். ஸயானில் நேரோஸ் என்னும் குறுகிய பிளவில் ஆற்றுக்குள் இறங்கி நடக்கும் திட்டமிருந்தால், திடீர் வெள்ள வாய்ப்பு அன்று எந்த அளவில் மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதைக் காலையில் பார்வையாளர் மையத்தில் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். மதிப்பீடு சரியில்லையென்றால் விடுதிப் பணம் போனாலும் போகட்டும்.

குழுவின் அளவு பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. முப்பது நாற்பது பேர் ஒன்றாகப் போவது நமக்குத் திருவிழாபோல இருக்கிறது; நிலத்துக்கு அது தாங்காது. அந்த மணலின் மேற்பரப்பைக் குனிந்து பாருங்கள். தடத்துக்கு ஓரடி தள்ளி, கறுத்து, சின்னச் சின்ன மேடுகளாகப் புடைத்துக்கொண்டு, தீய்ந்த மண்போலக் கிடப்பது வெறும் மண்ணன்று. நீலப்பசும்பாசிகளும் லைக்கன்களும் பாசிகளும் சேர்ந்து வளர்ந்த உயிர்ப் படலம் அது. மழை ஈரம் பட்டதும் நீலப்பசும்பாசி இழைகள் மணலுக்குள் ஊர்கின்றன. அவை விட்டுச்செல்லும் பசைபோன்ற உறைகள் மணல் துகள்களை ஒன்றோடொன்று தைத்துவிடுகின்றன. அந்தத் தையல் இருப்பதால்தான் காற்று மண்ணை அடித்துக்கொண்டு போவதில்லை, மழைநீர் தங்குகிறது, நைட்ரஜன் மண்ணில் சேர்கிறது, செடி முளைக்கிறது. ஒரு செருப்புத் தடம் அதை உடைத்தால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். லைக்கன்கள் திரும்பி வருவதற்கு அதைவிடவும் நீண்ட காலம் ஆகலாம். நான் ஒருமுறை நம் குழு கடந்துபோன பிறகு அந்தப் படலத்தில் பதிந்திருந்த தடங்களை எண்ணிப் பார்த்தேன். எதிரே வந்தவர்களுக்கு வழிவிட ஒதுங்கிய தடங்கள், எல்லோரும் ஒரே படத்தில் வருவதற்காகப் பின்னால் நகர்ந்த தடங்கள், ஒரு குழந்தையின் குட்டிக் காலணித் தடங்கள். பத்து அடி நீளத்துக்குள் நாற்பத்தொன்று. கெட்ட எண்ணத்தோடு பதிந்த தடம் அதில் ஒன்றுகூட இல்லை. ஆள் அதிகம், பாதை குறுகல், அவ்வளவே.

ஸயான் பூங்காவின் காட்டுநிலப் பகுதிகளில் ஒரு குழுவுக்கு 12 பேர்தான் உச்ச வரம்பு. அங்குள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் பாறை முகட்டில் ஏற 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு விண்ணப்பத்தில் 6 பேர் வரைதான். எல்லோருக்கும் சீட்டு கிடைக்கவில்லையென்று சிலர் குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த 6 மிகப் பொருத்தமான எண்ணாகத் தோன்றுகிறது. ஆறு பேர் இருந்தால் ஒருவர் வாடுவது மற்ற ஐவருக்கும் தெரியும். சங்கிலி பிடித்து ஏறும் கடைசிப் பகுதி வேண்டாம் என்பவர்களுக்கு அதற்கு முன்னால் உள்ள ஸ்கவுட் லுக்அவுட் வரை சீட்டு தேவையில்லை. அங்கே நின்று பார்த்தாலே பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவர்கள் முழுவதும் விரிகின்றன. முப்பது பேர் வந்தால் வரட்டும்; ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள், வெவ்வேறு தடங்களுக்கு அனுப்புங்கள், மாலையில் விடுதியில் ஒன்றுகூடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருபவர் சொல்லும் சொல்லே முடிவானது என்று புறப்படும் முன்பே எல்லோர் காதிலும் விழும்படி அறிவியுங்கள்.

இப்படிக் கட்டுப்பாடு வைத்தால் யார் வருவார்கள் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். சென்ற அக்டோபரில் நாங்கள் ஆறு பேர் ஸயானின் கிழக்குப் பக்கத்தில், சூரியன் எழுவதற்கு முன்பே நடக்கத் தொடங்கினோம். பாறையில் கைவைத்தபோது இரவின் குளிர் இன்னும் இருந்தது. வெளிச்சம் சாய்வாக விழுந்ததும், பாறையின் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஓடும் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அவை 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரந்திருந்த மணற்குன்றுகளின் மேல் காற்று அடுக்கிவைத்த அடுக்குகள்; குன்று இறுகிப் பாறையாகிவிட்டது, காற்று வீசிய திசை அதில் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய இரும்புத் துரு பூசியிருப்பதால்தான் அத்தனை சிவப்பு. நீர் அந்தத் துருவைக் கழுவிக்கொண்டு போன இடங்கள் வெளுத்திருக்கின்றன. எங்கோ மேலே ஒரு கேன்யன் ரென் குருவி படிப்படியாகக் கீழே இறங்கும் சீழ்க்கையை ஒருமுறை ஒலித்துவிட்டு நிறுத்தியது. அதுவரை பேசிக்கொண்டு வந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஒன்பது மணிக்குத் திரும்புவதாகப் பேச்சு, ஒன்பதுக்குத் திரும்பினோம். போக நினைத்த மேட்டுக்குப் போகவில்லை. அதைப் பற்றி ஒருவரும் வருந்திப் பேசவில்லை.

கோடையில் பெற்றோர்கள் வருகிறார்கள், குழந்தைகளுக்கும் அப்போதுதான் விடுமுறை என்பது உண்மையான சிக்கல். அதற்கு என் யோசனை இதுதான்: நீண்ட தடங்களை அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். கோடையில் பெரியவர்களோடு போவதானால் விடியலில் சிறு நடைகள் மட்டும் போதும். ஆர்ச்சஸில் பேலன்ஸ்ட் ராக்கைச் சுற்றிவரும் பாதை, டபுள் ஆர்ச் வரையிலான நடை, நான் மேலே சொன்ன கீழ்ப் பார்வைத் தளம் எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடும். பீனிக்ஸ் நகரம் 2021 முதல், கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாள்களில், கேமல்பேக் மலைத் தடங்களைப் பகல் நேரத்தில் மூடிவிடுகிறது. நெவாடாவின் வேலி ஆஃப் ஃபயர் பூங்காவிலும் கோடை மாதங்களில் சில தடங்கள் மூடியிருக்கும். மூடாத பூங்காக்களில் நம் குழுவுக்கு மட்டும் நாமே மூடிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2024 ஜூலையில் கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவில் ஒரு தந்தையும் மகளும் வழிதவறி, தண்ணீர் தீர்ந்து, 100 பாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இறந்துபோனார்கள். ஒரு பகல்நேர நடைக்கு வந்தவர்கள் அவர்கள்.

வரும் அக்டோபர் பயணத்துக்கான அறிவிப்பை நீங்கள் இன்னும் அனுப்பவில்லை என்று அறிகிறேன். அதன் தலைப்பில், காலை ஆறு மணிக்கு நடை தொடக்கம், பத்து மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புதல், ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், குழுவுக்கு ஆறு பேர் என்று எழுதுங்கள். எந்தத் தடம் என்பதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம். அந்த அம்மா இந்த ஆண்டும் வருகிறார். இந்த முறை மகன் கோடையைத் தவிர்த்து இலையுதிர் காலத்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறார். அவர் இருக்கும் குழுவில் கடைசி ஆளாக நடந்துவரும் பொறுப்பை எனக்குத் தாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு நடந்துவரும் ஒருவன்